பழுதுபார்த்து வந்த கன்சோலும் அதன் பிழைச் செய்திகளும்

பயன்படுத்திய கேம் கன்சோல் ஒன்று விலை குறைந்து கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதே மாடல் எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறது. அண்மையில்தான் பழுதுபார்த்து வந்தது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே விட்டுவிடுகிறேன். படத்தின் தரம், வேகம், கேம்களின் பட்டியல் ஆகியவற்றை அவர் ஏற்கெனவே அறிவார் என்பதால், இத்தனை ஆண்டுகளாக என்னை எரிச்சலூட்டிவரும் பிழைச் செய்திகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விளையாட்டின் நடுவே திரை உறைந்து, பிழை ஏற்பட்டுவிட்டதாக ஒரு வரியும், அதன் அடியில் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடும் தோன்றும். கேம் கோப்பு சிதைந்திருந்தாலும், மென்பொருள் பழையதாகியிருந்தாலும், ஹார்ட் டிஸ்க் செயலிழந்துகொண்டிருந்தாலும் குறியீடு மாறாது. எந்த நோய்க்கும் ஒரே மாத்திரையைத் தரும் மருந்துக்கடைக்காரரைப் போல, உதவிப் பக்கமும் எப்போதும் அதே வரிசையையே சொல்லும்: அணைத்துப் போடுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள், கேமை அழித்து மீண்டும் நிறுவுங்கள், எதுவும் பலிக்காவிட்டால் கன்சோலையே முழுவதும் அழித்து முதலிலிருந்து அமையுங்கள். கடைசி அறிவுரைக்கு நான் உடன்படவில்லை. விளையாட்டில் எட்டிய நிலையைச் சேமித்திருக்கும் சேவ் கோப்புகளை யூஎஸ்பி டிரைவில் எடுத்து வைத்துவிட்டுக் கன்சோலைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். அவர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் இணைத்த உடனேயே விடை கிடைத்துவிட்டது. படிக்க முடியாமற்போன பகுதிகளை டிஸ்க், தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் ஒழுங்காகக் குறித்தே வைத்திருந்தது. கன்சோல் அந்தப் பதிவைப் படித்து, டிஸ்க் பழுதாகிவருகிறது என்று ஒரு வரி காட்டியிருந்தால் போதுமே!

பிழையைச் சொல்லும் முறையில் எக்ஸ்பாக்ஸ் 360 இதைவிட மேல் என்பது எனக்கே வியப்பாக இருக்கிறது. 2005-இல் வெளிவந்த அந்தக் கன்சோலில், பழுது ஏற்பட்டால் பவர் பொத்தானைச் சுற்றி எரியும் சிவப்பு வளையம் எவ்வளவு இகழப்பட்டது என்பதையும், அந்தப் பழுதுக்காக 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியதையும் பலர் அறிவார்கள். ஆனால் வளையத்தின் மூன்று கால்பகுதிகள் சிவந்தால் வன்பொருள் பழுது என்றும், நான்கும் சிவந்தால் டிவிக்குச் செல்லும் கேபிள் சரியாகச் செருகப்படவில்லை என்றும் அதில் பொருள் தெளிவாக இருந்தது. அதற்கும் மேலே, கண்ட்ரோலரை இணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டிஸ்க் தட்டைத் திறக்கும் பொத்தானை அழுத்தினால், விளக்குகள் நான்கு இலக்க உட்குறியீடு ஒன்றை ஒவ்வோர் இலக்கமாகக் காட்டும். பழுதுபார்ப்பவருக்கு எங்கே தொடங்குவது என்றாவது தெரியும்.

நேர்மாறான உதாரணம் 2010 மார்ச் 1 அன்று சோனியின் பிளேஸ்டேஷன் 3 கன்சோலில் நிகழ்ந்தது. உள்கடிகாரம் 2010-ஐ லீப் ஆண்டாக எண்ணிக்கொண்டதால் பழைய மாடல்கள் பல, 8001050எஃப் என்ற குறியீட்டைக் காட்டி முடங்கின. கோளாறு தேதியில் என்று அந்தக் குறியீட்டிலிருந்து யார்தான் ஊகித்திருக்க முடியும்? பயன்படுத்தாமல் வைத்திருங்கள் என்று சோனி கேட்டுக்கொண்டது. மறுநாள் கன்சோல்கள் தாமாகவே சரியாயின. அவசரப்பட்டுக் கன்சோலை அழித்திருந்தால் வீணாகத்தான் போயிருக்கும்.

எங்கள் கன்சோலைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. கோளாறைச் சரிசெய்வதற்கென்றே அடிப்படை வசதிகளுடன் மட்டும் இயங்கும் அதன் சேஃப் மோடு அருமையானது. சேமித்த எதையும் அழிக்காமல் டிஸ்க்கில் என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலான டேட்டாபேஸை மட்டும் சீரமைக்கும் வசதி பல முறை கைகொடுத்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை உரிமையாளரே மாற்றிக்கொள்ளும்படி வடிவமைத்திருப்பதற்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி பொருத்திய பிறகு கேம்கள் திறக்கும் வேகத்தைப் பார்த்தால் புதிய கன்சோலுக்குச் செலவழிக்க மனம் வராது.

ஆயினும் வாங்க வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். எங்களுடையதை விற்கும் எண்ணமும் எனக்கு இல்லை என்பதால் அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. வாங்கியே தீருவதென்றால், பணம் கொடுப்பதற்கு முன் அமைப்புகளில் உள்ள பிழை வரலாற்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரே குறியீடு வெவ்வேறு கேம்களில் திரும்பத் திரும்ப வந்திருந்தால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். பட்டியல் முழுக்கக் காலியாக இருந்தால், கன்சோலை எப்போது, எதற்காக அழித்தமைத்தீர்கள் என்று விற்பவரிடமே கேளுங்கள்.