பில்லில் 3,000 கிராஃப்ட், தலையில் 1,700: முடி நடப் போகிறவர்கள் கவனத்துக்கு

25 வயது இளைஞர், ஐடி வேலை. முன்நெற்றி இரண்டு பக்கமும் ஏறியிருக்கிறது, உச்சி இன்னும் தப்பித்திருக்கிறது. சென்னையில் ஒரு சென்டரில் “3,000 கிராஃப்ட், ஒன்று 30 ரூபாய், மொத்தம் 90,000” என்று பேசி, ஒரே நாளில் நட்டு அனுப்பினார்கள். மறுநாள் கட்டைப் பிரித்து எண்ணிப் பார்த்தால் எடுத்திருந்தது ஏறத்தாழ 1,700. போன் போட்டுக் கேட்டதற்கு, “நாங்க சொன்னது முடிக் கணக்கு சார்” என்று பதில் வந்தது. அந்த ஒரு சென்டரோடு முடியும் விஷயமாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதத் தேவையில்லை.

பின்தலையிலிருந்து எடுப்பது தனித்தனி முடியை அல்ல, வேரோடு கூடிய சின்னக் கொத்தை. அதுதான் கிராஃப்ட். ஒரு கொத்தில் ஒன்றிலிருந்து நான்கு முடி வரை இருக்கும், சராசரி இரண்டுக்குப் பக்கம். ஆக 1,700 கொத்தில் 3,000 முடி சர்வசாதாரணமாக வந்துவிடும். விலை பேசும்போது கிராஃப்ட், கேள்வி வந்தால் முடி! 30 ரூபாய் என்று மலிவாகக் காட்டிய கிராஃப்ட் கடைசியில் 53 ரூபாய்க்கு விழுந்திருக்கிறது.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கெட்டி அட்டையில் சரியாக 1 செ.மீ.க்கு 1 செ.மீ. சதுரமாக ஓட்டை வெட்டுங்கள். நட்ட முதல் சில நாளில், பின்தலையில் புள்ளிகள் தெளிவாகத் தெரியும்போது, தோலில் படாமல் அட்டையை ஒட்டினாற்போலப் பிடித்து, நல்ல வெளிச்சத்தில் ஐந்தாறு இடங்களில் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். காதோரம் இரண்டு, நடுவில் இரண்டு, கீழே ஒன்று என்று இடம் மாற வேண்டும். ஒவ்வொரு சதுரத்திலும் எத்தனை புள்ளி என்று எண்ணிச் சராசரி எடுங்கள். இவருக்கு வந்தது 16. முடி எடுத்த பகுதி 18 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம், அதாவது 108 சதுர செ.மீ. பெருக்கினால் 1,728. நூறு இருநூறு முன்னே பின்னே இருக்கலாம், 1,300 குறையாது. முடி வளர்ந்துவிட்டால் புள்ளி மறைந்துவிடும், பிறகு பின்தலையை மழித்துத்தான் எண்ண வேண்டும்.

ஒழுங்கான இடத்தில் இந்த வேலையே தேவைப்படாது. எடுத்த கொத்துகளைக் குளிர்ந்த சலைனில், பத்துப் பத்தாக வரிசை வைத்து, ஒற்றை, இரட்டை, மூன்று என்று தனித்தனித் தட்டில் பிரிப்பார்கள். ஒற்றை முடிதான் நெற்றி ஓரத்துக்குப் போகும், இல்லாவிட்டால் பொம்மைத் தலை மாதிரி ஆகிவிடும். அந்தத் தட்டுகளின் போட்டோவும், எந்த வகை எத்தனை என்ற தாளும் தருவதாகப் பணம் கட்டும் முன்பே எழுதி வாங்குங்கள். “அதெல்லாம் வழக்கமில்லை” என்றால் எழுந்து வந்துவிடலாம்.

எண்ணிக்கையை விடப் பெரிய குறை ஒன்று உண்டு. மரத்துப்போக ஊசி போட்ட டாக்டர் அதோடு போய்விட்டார். பின்தலையில் துளைபோட்டு எடுத்தது, முன்னால் கீறி நட்டது எல்லாம் டெக்னீசியன்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி இது பயிற்சி பெற்ற மருத்துவர் பொறுப்பில் செய்ய வேண்டிய அறுவை, டெக்னீசியன் உதவிக்கு மட்டும். துளைபோடும் ஒரு மில்லிமீட்டர் கருவியை (‘பஞ்ச்’) முடியின் சாய்வுக்கு மாறாக இறக்கினால் வேர் பாதியில் அறுந்துவிடும், நட்டாலும் முளைக்காது. மரப்பு மருந்திலும் அளவு உண்டு. அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் கிலோவுக்கு 7 மி.கி. வரைதான். 60 கிலோ ஆளுக்கு 2 சதவீத மருந்தில் அது 21 மி.லி. அரை நாள் நீளும் வேலையில் “வலிக்குது” என்னும்போதெல்லாம் கணக்கில்லாமல் ஏற்றினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். 2016-இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். கேட்க வேண்டியவை: டாக்டரின் பதிவு எண், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்று, ஆக்சிஜனும் அவசர மருந்தும் எங்கே இருக்கின்றன என்பது.

அதிருக்கட்டும், 25 வயதில் நட்டிருக்கவே வேண்டுமா? பின்தலையில் வாழ்நாளுக்கும் எடுக்க முடிந்தது பொதுவாகச் சுமார் ஆறாயிரம் கிராஃப்ட், எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. இவருக்குப் பள்ளிப் பையன் மாதிரி நெற்றியைத் தாழ்த்தி, நேர்கோடாக நட்டிருக்கிறார்கள். உச்சி கொட்டத் தொடங்கும்போது முன்னால் ஒரு பட்டையும் நடுவில் வெறும் மண்டையும் நிற்கும், நிரப்பக் கையிருப்பும் குறைந்திருக்கும். முதலில் தோல் மருத்துவரைப் பார்த்து மினாக்சிடில் 5 சதவீதம், தேவைப்பட்டால் ஃபினாஸ்டரைடு 1 மி.கி. என்று ஓராண்டாவது பார்த்திருக்கலாம். மினாக்சிடில் தொடங்கிய முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டும், பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஃபினாஸ்டரைடில் சிலருக்குப் பாலுறவு ஆர்வம் குறையும், அதை டாக்டரிடம் மறைக்காமல் பேச வேண்டும். இந்தப் பேச்சு எதுவும் சென்டர் கவுன்சலர் மேஜையில் வராது, அவருக்குச் சம்பளம் பேக்கேஜ் விற்பதில்.

டெங்கு, டைபாய்டு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் தானாகவே ஆறு மாதத்தில் சரியாகும். அதற்குப் போய் ஆறு சிட்டிங் பிஆர்பி (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துத் தலையில் போடும் ஊசி) விற்பது தனிக் கொள்ளை.

“வட்டியில்லா இஎம்ஐ” என்று கவுன்டரில் ஓடிபி கேட்டால், அது பதிவுக்கு அல்ல, உங்கள் பெயரில் கடன். பணம் அன்றே சென்டருக்குப் போய்விடும், நீங்கள் பின்வாங்கினாலும் தவணை ஓடும். டிஜிட்டல் கடனுக்கு ‘கூலிங் ஆஃப்’ அவகாசம் உண்டு, எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதற்குள் அசலையும் அந்த நாள்களின் வட்டியையும் கட்டினால் அபராதமின்றி வெளியே வரலாம்.

“பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி மிச்சம்” என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். முடி நடுவதற்கு ஜிஎஸ்டி உண்டு, பில்லில் கிராஃப்ட் எண்ணிக்கை எழுதியிருக்க வேண்டும். ஏமாந்தவர்கள் பில், ஒப்புதல் படிவம், வாட்ஸ்அப் பேச்சு, அட்டை வைத்து எடுத்த போட்டோக்களோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம், அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாக வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, காலவரம்பு இரண்டு ஆண்டு. டாக்டர் இல்லாமல் நட்டது பற்றித் தனியாகத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கும் மாவட்ட மருத்துவ இணை இயக்குநருக்கும் எழுதுங்கள்.