பல்லாங்குழியா, கான் அகாடமியா?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் ஏழு வயசு மகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். கணக்குக்கு இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தோம்.

பல்லாங்குழியில் 14 குழி. குழிக்கு ஐந்தாகப் போட்டால் 70 புளியங்கொட்டை. ஒரு குழியில் நாலு சேர்ந்ததும் ‘பசு’ என்று அள்ளலாம். மூன்று கிடக்கும் குழியைப் பார்த்ததுமே, எங்கிருந்து எடுத்தால் கடைசிக் கொட்டை அங்கே விழும் என்று உதட்டுக்குள்ளேயே எண்ணுகிறாள். கூட்டல் அப்படித்தான் கைவந்தது. வேலூர் வெயிலில் மத்தியானம் கரண்ட் போனாலும் ஆட்டம் நிற்காது. கூட ஒருவர் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

கான் அகாடமி இணையத்தில் பாடமும் பயிற்சியும் தரும் தளம். இலவசம், விளம்பரத் தொல்லை கிடையாது. தப்பாகப் போட்டால் படிப்படியாக வழி காட்டும். பின்னம், தசமம் என்று போகும்போது பல்லாங்குழி போதாது. அங்கே இதுதான் கைகொடுக்கும். ஆனால் இந்த வயசில் யோசிக்காமல் குத்துமதிப்பாகத் தட்டிவிடுகிறாள். அதுதான் எனக்குக் கவலை.

இப்போதைக்குப் பல்லாங்குழி. பின்னம் தொடங்கும் அன்று கான் அகாடமி.