ஒரே ஒரு நாள்தான் என்றால்: பாத்தா, யார்க்கா?

லண்டனில் தங்கியிருக்கிறீர்கள், பழைய ஊர் ஒன்றைப் பார்க்க ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் பெரும்பாலும் பாத், யார்க் என்ற இந்த இரண்டு ஊர்களில்தான் வந்து நிற்பீர்கள். பாத் போக பேடிங்டனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம், யார்க்குக்கு கிங்ஸ் கிராஸிலிருந்து இரண்டு மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

பாத்தின் உயிர் ரோமானியக் குளியலகம். 46 டிகிரி சூட்டில் தினமும் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் வெந்நீர் இன்றும் ஊறுகிறது. பெரிய குளத்தின் அடியில் ரோமானியர் பதித்த ஈயத் தளம் அப்படியே இருக்கிறது. மேல்மாடத்துச் சிலைகளையும் அவர்கள் காலத்தவை என்று நினைத்துவிடாதீர்கள், அவை 19ஆம் நூற்றாண்டில் வைத்தவை. அங்கே படம் எடுத்துப் பொழுதைப் போக்காமல் உள்ளே போங்கள். மெல்லிய ஈயத் தகடுகள், சுமார் 130. பொருளைப் பறிகொடுத்தவர்கள் சுலிஸ் மினர்வா தேவிக்கு முறையிட்டு எழுதி, சுருட்டி ஊற்றில் போட்டவை. டோசிமெடிஸ் என்பவருக்குக் காணாமல் போனது இரண்டு கையுறைகள். எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று கீறி வைத்திருக்கிறார். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை என்றுதான் தோன்றும். எந்தப் பேரரசரின் கல்வெட்டும் ரோமானியரை இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்ததில்லை எனக்கு.

அப்புறம் ராயல் கிரெசென்ட், 30 வீடுகள் ஒரே வளைவில். அழகுதான், வெளியே நின்று பார்த்தால் போதும்.

யார்க் வேறு மாதிரி. மின்ஸ்டர் தேவாலயத்தைக் கட்டி முடிக்க 1220 முதல் 1472 வரை ஆனது. கிழக்குச் சாளரம் மட்டும் ஒரு டென்னிஸ் மைதான அளவு. ஜான் தார்ன்டன் 1405இல் தொடங்கி மூன்றே ஆண்டுகளில் முடித்த கண்ணாடி ஓவியம். அதன் 311 பலகைகளையும் கழற்றிச் சீர்செய்து திரும்பப் பொருத்தும் வேலை 2018இல்தான் முடிந்தது. கழுத்து வலித்தாலும் பரவாயில்லை, அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மின்ஸ்டருக்கும் பாத் குளியலகத்துக்கும் கட்டணம் உண்டு. ஆனால் யார்க்கின் ரயில் அருங்காட்சியகம் இலவசம். 1938இல் மணிக்கு 203 கி.மீ. ஓடிய மல்லார்ட் நீராவி எஞ்சினும், ஜப்பானின் ஷின்கான்சென் புல்லட் ரயில் பெட்டியும் அங்கே நிற்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்கள் வேறு யோசனையே செய்ய வேண்டாம்.

தனியாகப் போகிறவர்களுக்கும் நான் யார்க்கைத்தான் சொல்வேன், பாத்தின் ஈயத் தகடுகளுக்கு ஈடாக அங்கே எதுவும் இல்லை என்றாலும். காரணம், மதில். மூன்று கி.மீ.க்கு மேல் நீளும் மதிலின்மேல் காசில்லாமல் நடக்கலாம். பூதம் பார் என்ற மதில் வாசலிலிருந்து மங்க் பார் வாசல் வரை போனால் மின்ஸ்டர் முழுதாகக் கண்ணில் படும். இருட்டினால் மதில் வாசல்களைப் பூட்டிவிடுவார்கள், குளிர்காலத்தில் அது நான்கு மணிக்கே வந்துவிடும். அதனால் இறங்கியதும் முதலில் மதிலேறிவிடுங்கள்.