மரமேறும் பெல்ட்டில் எந்தக் கொக்கி எங்கே?

கேரபைனர் (கதவு வைத்த உலோகக் கொக்கி) வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது அதன் முதுகில் பொறித்திருக்கும் எண்ணைத்தான். 22 கிலோநியூட்டன், 25 கிலோநியூட்டன், இரும்பு என்றால் இன்னும் மேலே. பெரிய எண் உள்ளதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் வாங்கினேன். ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 102 கிலோ எடையின் இழுப்பு. 22 என்றால் 2,200 கிலோவுக்கு மேல். ரம்பம், கயிறு எல்லாம் சேர்த்தாலும் நான் 90 கிலோ தாண்டமாட்டேன். சரியாகத் தொங்கும் கேரபைனர் என் எடைக்கு ஒடியப் போவதில்லை. பயப்பட வேண்டியது அது தானாகத் திறந்துகொள்வதற்கும், கோணிக்கொண்டு நிற்பதற்கும்தான்.

அதே முதுகில் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சிறிய எண்கள் இருக்கும். ஒன்று குறுக்கே இழுத்தால் தாங்கும் அளவு, மற்றது கதவு திறந்திருக்கும்போது தாங்கும் அளவு. பெரும்பாலும் 7-லிருந்து 10-க்குள்தான் இருக்கும். கதவு திறந்தால் பலம் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது என்று அந்தக் கம்பெனியே பொறித்துத் தந்திருக்கிறது. ஆகவே நான் ஒப்பிடப்போவது பலத்தை அல்ல, பூட்டை.

திருகு, இரண்டு அசைவு, மூன்று அசைவு

ஏறும் கயிற்றில் நம் உயிரைத் தாங்கும் இடத்துக்கு மூன்று வகைப் பூட்டுகள் போட்டி போடுகின்றன.

திருகு கேரபைனர் மலிவு. பொறிநுட்பம் எளிது, கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. பாறை ஏறுபவர்களுக்கு அது போதும். மரத்தில் கதை வேறு. நாள் முழுக்கக் கிளைகளுக்கு நடுவே அசைகிறோம், பட்டையில் உரசுகிறோம், ரம்பத்தின் அதிர்வு வேறு. திருகு மெல்லத் தளர்கிறது. அதைவிடப் பெரிய குறை, திருகை மாட்டியவர் திருக மறந்துபோவது. கிளை மாறும் அவசரத்தில் "அப்புறம் திருகிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவது மனித இயல்பு. மரவேலைக்கான அமெரிக்கத் தரமான ஏஎன்எஸ்ஐ இசட்133, ஏறுபவரைத் தாங்கும் கேரபைனர் தானே மூடி, தானே பூட்டிக்கொள்ள வேண்டும், கதவைத் திறக்கத் தயாராக்கவே வரிசையாக இரண்டு செயலாவது வேண்டும், 5,000 பவுண்டு தாங்க வேண்டும் என்கிறது. திருகு வகை முதல் நிபந்தனையிலேயே கழன்றுவிடுகிறது.

இரண்டு அசைவு வகையில் கதவைச் சுற்றியிருக்கும் உறையைத் திருப்பி, கதவைத் தள்ளினால் போதும். ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டு திறக்கலாம். கதவைத் தள்ளுவதற்கு முன் ஒரே செயல்தான் என்பதால் மேலே சொன்ன தரத்துக்குப் பொருந்தாது. ஆனாலும் இரண்டு வருடம் எனக்கு இதுதான் செல்லப்பிள்ளை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களை மழைக்கு முன் கவாத்து செய்துகொண்டிருந்தோம். ஒரு கவட்டையில் உட்கார்ந்து இடுப்புக் கயிற்றை (பெல்ட்டிலிருந்து மரத்தைச் சுற்றிப் போட்டு மாட்டும் குட்டைக் கயிறு) போட்டுவிட்டுக் கீழே குனிந்தால், ஏறும் கயிற்றின் கேரபைனர் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. ஓடும் கயிறு உறைமேல் உரசி அதைக் கால் சுற்றுத் திருப்பியிருக்கிறது, அதே கயிறு கதவையும் உள்ளே தள்ளியிருக்கிறது. திறக்க வேண்டிய இரண்டு அசைவுகளும் ஒரே திசையில் போகும் ஒரு கயிற்றுக்குச் சாத்தியம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இடுப்புக் கயிறு இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று அசைவு வகையில் உறையை முதலில் மேலே தள்ள வேண்டும் (சில மாடலில் கீழே இழுக்க வேண்டும்), பிறகு திருப்ப வேண்டும், பிறகுதான் கதவு அசையும். தள்ளுவதும் திருப்புவதும் வேறு வேறு திசை. உரசும் கயிறோ சுள்ளியோ இரண்டையும் அடுத்தடுத்துச் செய்வது மிக அரிது. பிரிட்டனில் மரமேறுபவர்களிடம் இந்த வகைதான் வழக்கம். வேல்ஸில் இருக்கும் டிஎம்எம் கம்பெனி இதை லாக்சேஃப் என்று விற்கிறது. பிரான்சின் பெட்சல் டிரையாக்ட்-லாக் என்கிறது. பெட்சலிடம் பால்-லாக் என்று இன்னொன்றும் உண்டு. ஒரு சிறிய பச்சைக் குண்டை அழுத்தினால்தான் உறை திரும்பும். பச்சை தெரிந்தால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். தொலைவிலிருந்து பார்த்தாலே தெரியும் என்பது நல்ல வசதி. ஆனால் கையுறையோடு அந்தக் குண்டைத் தேடி அழுத்துவது எனக்குச் சரிப்படவில்லை.

என்னோடு ஏறும் அண்ணன் ஒருவர் மூன்று அசைவைப் பார்த்துவிட்டு, "பொட்டிப் பூட்டு மாதிரி இருக்கு தம்பி, இதைத் திறக்கறதுக்குள்ள மரமே வளர்ந்துடும்" என்றார். ஒரு வாரம் திண்ணையில் உட்கார்ந்து திறந்து மூடிப் பழகினார். இப்போது அவர்தான் என்னைவிட வேகம்.

இடுப்புக் கயிற்றில் ஸ்னாப்பா, கேரபைனரா?

இங்கே போட்டி நெருக்கமானது. ஸ்னாப் ஹூக் பழைய ஆள். கீழே கயிற்றுக்கு ஒரு சிறு கண், மேலே வளைந்த மூக்கு, அதை மூடும் நாக்கு. ஒற்றை நாக்கு மட்டும் இருந்த காலத்தில் அதற்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பெல்ட்டின் டி-வளையம் திருகிக்கொண்டு நாக்கின்மேல் ஏறினால், நாக்கு உள்ளே போய் வளையம் வெளியே வந்துவிடும். அமெரிக்காவில் கட்டுமான வேலையில் கீழே விழுவதைத் தடுக்கும் கருவிகளில், 1998 ஜனவரி 1 முதல் பூட்டில்லாத ஸ்னாப்புக்குத் தடை வந்தது. இப்போதைய இரட்டைப் பூட்டு ஸ்னாப்பில் முதுகுப்பக்கம் இன்னொரு நெம்பு இருக்கிறது. உள்ளங்கையால் நெம்பை அழுத்தினால்தான் விரலால் நாக்கைத் தள்ள முடியும்.

ஸ்னாப்பின் பெரிய பலம் அந்தச் சிறு கண். கயிறு அதிலேயே பின்னியோ தைத்தோ சிறைப்பட்டிருப்பதால் குறுக்கே திரும்பாது. கேரபைனரில் இந்த வசதி இல்லை. கயிறு தளர்ந்த நேரத்தில் அது சுழன்று, அடுத்த இழுப்பு கதவின்மேலேயே விழலாம். ஊசி வைத்த மாடலோ ரப்பர் பிடிப்போ போட்டால்தான் அடங்கும். இடுப்புக் கயிற்றை நாளைக்கு நூறு தடவை கழற்றி மாட்டுகிறோம், அதுவும் மரத்தைக் கட்டிப்பிடித்த நிலையில், ஒரு கையால். ஒரே பிடியில் திறக்கும் ஸ்னாப்புக்குத்தான் இந்த இடத்தில் என் ஓட்டு. கனம்தான் குறை. அலுமினிய கேரபைனர் 75 முதல் 90 கிராம், இரும்பு ஸ்னாப் அதைப்போல் பல மடங்கு. ரம்பம் எளிதில் அறுக்காமலிருக்க உள்ளே இரும்புக் கம்பி வைத்த கயிறு என்றால் எப்படியும் கனம்தான். அதில் அலுமினியத்தைப் போட்டு எடை குறைக்கப் பார்ப்பது வெட்டி வேலை.

பழைய ஸ்னாப் யாராவது இலவசமாகத் தந்தால் ஒன்றைக் கவனியுங்கள். விழுவதைத் தடுக்கும் கருவிகளுக்கான அமெரிக்கத் தரமான இசட்359-இல் நாக்கு தாங்க வேண்டிய பலம் 220 பவுண்டாக இருந்தது. 2007-இல் அதை 3,600 ஆக்கினார்கள். பழையதும் புதியதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். நாக்கின்மேல் 3,600 பவுண்டு அல்லது 16 கிலோநியூட்டன் என்று பொறித்திருக்கிறதா பாருங்கள்.

நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் கட்டட பெல்ட்டோடு வரும் அகன்ற வாய் ஹூக் வேறு ஜாதி. சாரத்தின் குழாயில் மாட்டுவதற்காகச் செய்தது. வாய் பெரிது என்று அதைக் கிளையில் நேரடியாக மாட்டினால், கிளையின் விளிம்பில் மூக்கு மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கும். கொக்கிக்கு அது சரியான இழுப்பு அல்ல. கிளையைச் சுற்றப் பட்டையோ கயிறோ போட்டுக்கொள்ளுங்கள், ஹூக் வேண்டாம்.

வடிவம் பற்றிச் சுருக்கமாக. ஏறும் கயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் முடிச்சுக் கயிற்றின் இரண்டு கண்களும் கப்பியும் ஒரே கேரபைனரில் சேரும் இடத்தில் நீள்வட்டம் நல்லது. எல்லாம் நடுவில் நேராக உட்காரும். டி வடிவத்தில் சுமை முதுகோரம் சரியும். ஒரே ஒரு கண்ணை மாட்டும் இடத்தில் அதுவே பலம்.

இனி பலாப்பால். மூன்று அசைவுப் பூட்டுக்கு நம் ஊரில் உண்மையான எதிரி அதுதான். பலாவில் ஒரு நாள் வேலை செய்தால் உறைக்குள் பால் போய், மரத்தூளும் ஒட்டி, ஸ்பிரிங் சோம்பேறியாகிவிடும். கதவைத் திறந்து விரலை மெதுவாக எடுத்துப் பாருங்கள். கடைசி இரண்டு மில்லிமீட்டரில் தயங்கினால் அது தானே பூட்டும் கேரபைனர் இல்லை, நீங்கள் பூட்ட வேண்டிய கேரபைனர். கையில் ஒட்டிய பாலுக்குச் செய்வதுபோலவே தேங்காயெண்ணெய் தடவி பாலை எடுப்பேன், கயிறு பக்கத்தில் இல்லாமல். எண்ணெய் அப்படியே இருந்தால் மறுநாள் தூளை இழுக்கும். வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, நன்றாகக் காயவிட்டு, ஒட்டாத உலர் மசகு ஒரு சொட்டு. ஸ்னாப்புக்கு இவ்வளவு சீராட்டு தேவைப்படுவதில்லை. நெம்பும் நாக்கும் வெளியே தெரிவதால் பழைய பல் பிரஷ்ஷே போதும்.

ஏற்காட்டில் வாய் திறந்த அந்த இரண்டு அசைவு கேரபைனர் இன்னும் என் பெல்ட்டில்தான் இருக்கிறது. சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். கைரம்பமும் தண்ணீர் பாட்டிலும் அதில்தான் தொங்குகின்றன.