ஜார்ஜ் ஹாரிசன் மறுவெளியீடுகள்: இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அலமாரியில் மிஞ்சியவை

என் அலமாரியில் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ ஆல்பம் மூன்று இருக்கின்றன. அக்கா மகள் ஒருநாள் அவற்றைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டு, “மாமா, மூன்றிலும் ஒரே தாடிக்காரர்தானே உட்கார்ந்திருக்கிறார்?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பீட்டில்ஸ் குழுவின் கிதார்காரர் ஜார்ஜ் ஹாரிசனின் தனி ஆல்பங்களை மறுவெளியீடு மறுவெளியீடாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வாங்கி, கேட்டு, சிலவற்றை விற்றும்விட்டவன் நான். எல்லாவற்றையும் சேர்க்கத் தேவையில்லை. எவை தேவை என்பதில்தான் என் ஆரம்பக் கணக்கு தப்பாகிப்போனது.

முதலில் வாங்கியது ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ஸின் 2001 பதிப்பு. 1970இல் வந்த மூல உறையில் அவர் வீடான ஃப்ரையர் பார்க்கின் புல்வெளி, நான்கு குள்ளர் பொம்மைகள், நடுவில் ரப்பர் பூட்ஸுடன் ஹாரிசன், எல்லாம் கறுப்பு வெள்ளை. 2001இல் அதற்கு வண்ணம் பூசினார்கள். உள்ளே இருக்கும் உறைகளை ஒவ்வொன்றாக எடுத்தால் புல்வெளியைச் சுற்றிப் புகைபோக்கிகளும் மேம்பாலமும் முளைத்துக்கொண்டே வரும். அவர் உயிரோடு இருந்து மேற்பார்வையிட்ட பதிப்பு இது; அதே ஆண்டு நவம்பரில் இறந்துபோனார். தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டரின் எதிரொலி கொஞ்சம் அதிகம்தான், பதிவுகளை எல்லாம் மறுபடி கலக்க (ரீமிக்ஸ் செய்ய) கை துறுதுறுத்தது என்று அதன் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். இந்தப் பதிப்பை விற்க மாட்டேன். அதில் சேர்த்த ‘மை ஸ்வீட் லார்ட்’ புதிய வடிவத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் தாண்டிவிடுவேன்.

2004இல் பிற்கால ஆல்பங்களைத் தொகுத்த ‘டார்க் ஹார்ஸ் இயர்ஸ்’ பெட்டி வந்தது. எனக்கு வந்து சேரும்போதே ஒரு மூலை நசுங்கியிருந்தது, அதை மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது அதிலிருந்த ‘சம்வேர் இன் இங்கிலாந்து’ ஆல்பம். 1980இல் இசைத்தட்டு நிறுவனம் அந்த ஆல்பத்தைத் திருப்பி அனுப்பி, நான்கு பாடல்களை நீக்கவைத்தது, உறையையும் மாற்றவைத்தது. 2004இல் பழைய உறை திரும்ப வந்தது. பாடல்கள்? நான்கில் ஒன்றை மட்டும் வேறோர் ஆல்பத்தின் வாலில் ஒட்டியிருந்தார்கள். சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆளை வைத்துக்கொண்ட கதை. அந்தப் பெட்டியில் இன்றும் நான் எடுப்பது 1979இல் வந்த ‘ஜார்ஜ் ஹாரிசன்’ ஒன்றைத்தான். அதிலுள்ள இன்னோர் ஆல்பமான ‘கான் ட்ராப்போ’வை இந்த இருபது ஆண்டில் நான்கு முறை கேட்டிருந்தால் அதிகம்.

முற்கால ஆல்பங்களைத் தொகுத்து 2014இல் வந்த ‘ஆப்பிள் இயர்ஸ்’ பெட்டியை வீட்டில் புழங்குவது பற்றி ஒரு வார்த்தை. பழைய இசைத்தட்டு உறைகளைக் குட்டியாக்கி அட்டையில் செய்திருக்கிறார்கள். பார்க்க அழகு, ஆனால் இறுக்கம். இழுக்க இழுக்கத் தட்டில் மயிரிழைக் கீறல் விழும். மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் தனியாக வாங்கி உள்ளே போட்ட பிறகுதான் நின்றது. முதுகில் உள்ள எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேவை. அடைமழைக் காலத்தில் அட்டை பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

ஆனால் இந்தப் பெட்டிதான் எனக்கு ‘வொண்டர்வால் மியூசிக்’கைத் தந்தது. திரைப்படத்துக்கான பின்னணி இசை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். 1968 ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. ஸ்டுடியோவில் இதன் ஒரு பகுதி பதிவானது. சந்தூர் வாசித்தவர் ஷிவ்குமார் சர்மா. பீட்டில்ஸ் பாடலான ‘தி இன்னர் லைட்’டின் இசையும் அதே நாட்களில் அங்கே பதிவானதுதான். அதன் பாட்டில்லாத வடிவம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. குரல் விலகியதும் அந்த மெட்டு யாருக்கும் சொந்தமில்லாமல் நடந்து போகிறது. இது ஒன்றுக்காகவே அந்தத் தட்டைத் தனியாக வாங்கலாம். (இந்த ருசி பிடித்துப்போனால் ரவி சங்கருடன் சேர்ந்து செய்தவற்றைத் தொகுத்த 2010 பெட்டியையும் தேடுங்கள். அதிலுள்ள ‘சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா’வின் ஒரு பகுதி 1996இல் சென்னையில் பதிவானது.)

இனி 2021. ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு, எழுபது பாடல்கள். குள்ளர் பொம்மைகளோடு மரப்பெட்டியில் வந்ததும் உண்டு. நான் வாங்கியது ஐந்து தட்டுப் பதிப்பு. ஒலிப்பொறியாளர் பால் ஹிக்ஸின் ரீமிக்ஸில் எதிரொலி குறைந்து குரல் முன்னுக்கு வருகிறது. முதல் மாதம் கொண்டாடினேன். பிறகு ‘வா-வா’ பாடலைக் கேட்கும்போதெல்லாம் பழைய பதிப்புக்கே கை போயிற்று. அந்தப் பாடலுக்கு நெரிசல்தான் உயிர். கூட்டத்தை விலக்கினால் திருவிழா எங்கே?

அதே பதிப்பிலுள்ள டெமோக்கள், அதாவது ஆல்பத்துக்கு முந்தைய மாதிரிப் பதிவுகள், வேறு சங்கதி. 1970 மே 26 அன்று பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ, பேஸ் கிதார் வாசித்த கிளாஸ் ஃபோர்மன் இருவரோடு 15 பாடல்கள்; மறுநாள் ஸ்பெக்டர் கேட்பதற்காகத் தனியாக இன்னொரு 15. அந்த இரண்டாம் நாளை நான் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. ‘பிவேர் ஆஃப் டார்க்னெஸ்’ஸின் நடுவே தன் அன்றைய மேலாளரின் கம்பெனிப் பெயரைச் செருகி, அதனிடமும் ஜாக்கிரதை என்று பாடிவிட்டுப் போகிறார். கிதார் கம்பியில் விரல் உரசும் சத்தம்கூடக் கேட்கிறது. சுவர்போல எழுப்பிய ஒலிக்கு உள்ளே இப்படியொரு ஆள் தனியாக உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு இருபது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். ரீமிக்ஸை இனாமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி போதும் என்று நிறுத்தியிருந்தேன். 2024 நவம்பர் 15 அன்று ‘லிவிங் இன் தி மெட்டீரியல் வேர்ல்ட்’ ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோதும் வாங்கவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து ஜாகிர் உசேன் இறந்தார். அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாடலில் தபலா அவர்தான். வாசித்தபோது இருபதைத் தாண்டிச் சில வயதுதான். அன்றிரவு அந்தப் பாடலை இணையத்தில் கேட்டேன். ராக் இசை அடங்கித் தபலா நுழையும் இடத்தை நான்கு முறை பின்னால் தள்ளிக் கேட்டுவிட்டு ஆர்டர் போட்டேன்.