சேர்த்து வைக்கும் நரம்பும் வெளியேற்றும் நரம்பும்

நாளின் பெரும்பகுதி சிறுநீர்ப்பை, தானாக இயங்கும் நரம்புகளில் ஒன்றான பரிவு நரம்பின் (sympathetic) பொறுப்பில்தான் இருக்கிறது. அது பையின் சுவர்த் தசையைத் தளர்த்தி, பையின் வாய்ப்பகுதியான கழுத்தை இறுக்கிப் பிடிக்கிறது. அதனால்தான் 300 மி.லி. சேர்ந்தாலும் உள்ளே அழுத்தம் பெரிதாக ஏறுவதில்லை.

எதிர்ப்பரிவு நரம்பு (parasympathetic) நேர்மாறு. தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்து வந்து, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து சுவர்த் தசையைச் சுருக்குகிறது. அரை நிமிடம் போல வேலை, அவ்வளவுதான்.

இரண்டுமே நம் பேச்சைக் கேட்காது. கழிவறை கிடைக்காமல் நெளியும்போது கைகொடுப்பது மூன்றாவது ஆள்: சிறுநீர் வெளியேறும் வழியை இறுக்கி மூடும் வெளிச் சுருக்குத்தசையை இயக்கும் புடெண்டல் நரம்பு. சரி, யார் எப்போது என்று மாற்றிவிடுவது யார்? மூளைத்தண்டிலுள்ள பான்ஸ். பாரிங்டன் என்ற ஆய்வாளர் 1925-இல் பூனைகளிடம் இதைக் காட்டினார். அந்தப் பான்ஸையும் 'இப்போது வேண்டாம்' என்று அடக்கிவைப்பது முன்மூளை; கைக்குழந்தைக்கு அந்தப் பிடி இன்னும் வந்திருக்காது.

அடிக்கடி அவசரமாக வருபவர்களுக்கான மாத்திரைகளிலும் இதே இரு வழிகள். மிராபெக்ரான் பரிவு நரம்பைப் போல நடந்து பையைத் தளர்த்துகிறது. ஆக்ஸிபியூட்டினின் அசிட்டைல்கோலினைத் தடுக்கிறது; உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் அதே வேதிப்பொருள்தான் என்பதால் வாய் வறண்டுபோகிறது. மிராபெக்ரானில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும்.