தவிலுக்குப் போர்வை போர்த்திய ட்ரான்ஸ்போமர்

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. இசைத்தட்டுக் கேட்க டெனன் டிஎல்-103 மூவிங் கொயில் காட்ரிஜை (ஊசியோடு சின்னக் கம்பிச்சுருள் அசைந்து சிக்னல் தரும் தலை) நான்கு வருடமாகப் பாவிக்கிறேன். ஊசிக்கு 2.5 கிராம் பாரம் வைத்தால் அது தருவது வெறும் 0.3 மில்லிவோல்ட். என் அம்பில் (அம்பிளிஃபயரில்) இருப்பதோ, இதைவிடக் கூடிய வோல்ட் தரும் மூவிங் மக்னெட் காட்ரிஜுக்கான உள்ளீடு மட்டும். ஆகவே இடையில் வோல்டைக் கூட்டித்தரும் ஒரு ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்போமர் வேண்டும்.

முதலில் வாங்கியது பிழையான சாமான். பாவித்த 1:30 ஒன்று, அதாவது வோல்டை முப்பது மடங்காக்குவது. "மடங்கு கூடக் கூட நல்லது, தம்பி" என்றார் விற்றவர், நானும் தலையாட்டினேன். எதை மாற்றினாலும் நான் முதலில் போடுவது ஒரு பழைய நாதஸ்வர எல்.பி. அன்று தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்கூடு விழும் சுள்ளென்ற சத்தம் மழுங்கிக் கிடந்தது. இடப்பக்கமான தொப்பியில் கழி விழும்போது நெஞ்சில் இடிக்கவேண்டியதும் இடிக்கவில்லை. அப்பா அறைக்குள் எட்டிப்பார்த்து, "என்ன, தவிலுக்குப் போர்வை போத்தினியோ?" என்றார்.

அதற்குப் பிறகுதான் பென்சிலை எடுத்தேன். அம்பின் அந்த இசைத்தட்டு (ஃபோனோ) உள்ளீட்டின் தடையான 47,000 ஓமை மடங்கின் வர்க்கத்தால் வகுத்தால், காட்ரிஜின் தலையில் விழும் சுமை வரும். 30இன் வர்க்கம் 900; சுமை ஏறக்குறைய 52 ஓம். கொயிலின் சொந்தத் தடையே 40 ஓம். அப்போ சிக்னலில் நாற்பது வீதத்துக்கு மேல் கொயிலிலேயே தொலைகிறது. 9 மில்லிவோல்ட் வரவேண்டிய இடத்தில் 5தான். அதைவிட, இவ்வளவு மடங்கு சுற்றிய ட்ரான்ஸ்போமர்கள் பெரும்பாலும் சில ஓம் மட்டுமே தடையுள்ள காட்ரிஜுகளுக்கானவை. 40 ஓமைக் கொடுத்தால் அடித்தொனியும் தேயும், உச்சத்தொனியும் தேயும்.

இப்போது மூன்று வருடமாக இருப்பது 1:10. சுமை 470 ஓம், வெளியே வருவது 2.75 மில்லிவோல்ட் அளவு. வொல்யூமைக் கொஞ்சம் கூடத் திருப்பவேண்டும், அவ்வளவுதான். தவில் திரும்பி வந்துவிட்டது. நண்பரின் 1:20ஐயும் ஒரு மாதம் வைத்துக் கேட்டேன். 117 ஓம், 4.5 மில்லிவோல்ட், கணக்கில் பிழையே இல்லை. ஆண்குரல்கள் தடிப்பாக, இதமாக வந்தன. பழைய படப்பாட்டு மட்டும் கேட்பவர் என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

இரைச்சல்தான் பெரிய தலைவலி. முதல் கிழமை ட்ரான்ஸ்போமரை அம்பின் மேல் வைத்திருந்தேன், "ம்ம்ம்" என்று ஒரே முனகல். அம்பின் மின் ட்ரான்ஸ்போமர் விடும் 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலத்தை இது அப்படியே குடித்துவிடும். கைக்கெட்டிய தூரம் தள்ளிவைத்து, கால் வட்டம் திருப்பியதும் அடங்கியது. தூரம் போகிறதே என்று அம்புக்குப் போகும் வயரை நீட்டிவிடவும் கூடாது. அதன் மின்கொள்ளளவு காட்ரிஜ் பக்கம் நூறு மடங்காக (10இன் வர்க்கம்) தெரியும். மல்டிமீட்டரை ஓமில் வைத்து ட்ரான்ஸ்போமரின் சுற்றை அளக்கவும் வேண்டாம், உள்ளே இருக்கும் இரும்பு காந்தமேறிவிடும்.

கடல்காற்றுக்கு மருந்து இல்லை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்க ஸ்பீக்கரின் சத்தம் மெலிந்துகொண்டு போகும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பச்சைப் பூச்சு. ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் துடைத்து, இரண்டு மூன்று தரம் செருகி இழுத்தால் சரி. மாத்தறை ரயில் போகும்போது ஊசி நடுங்குவதுதான் இன்னும் பாக்கி.